பரு போகக் களிம்பு பூசும் பெண்களே, டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்!

கல்யாணத்துக்கு இன்னும் 4 மாதம்தான். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தாகிவிட்டது. பெண்ணின் கன்னத்தில் பரு! பழைய பரு இருந்த இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி!

"இந்த முகத்தோடயா மணவறையில உட்காரப் போற? ஏதாவது வாங்கிப் போடுடி" என்கிறாள் அம்மா.

பெண் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறாள்.

"அண்ணா, பருவுக்கு ஏதாவது கிரீம் இருக்கா?"

"கறுப்பும் போகணுமாம்மா? இதைப் போடு. ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும். எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க."

டாக்டர் சீட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. பெண்ணும் டியூபைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் சொன்னபடியே முகம் பளபளக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து டியூபின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறாள்!

சென்னையில் சைதாப்பேட்டையிலும் நடக்கும், பெரம்பூரிலும் நடக்கும், அண்ணா நகரிலும் நடக்கும். மூன்று மாதம் கழித்து இதே பெண்களில் பலர் தோல் டாக்டரின் அறை வாசலில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் சிவந்து, எரிந்து, மீசை மாதிரி பூனை முடி முளைத்து, முன்னைவிட அதிகமாகப் பரு கிளம்பி!

என்ன நடந்தது?

இரண்டு டியூப்

பருவுக்கும் கரும்புள்ளிக்கும் டாக்டர்கள் எழுதித்தரும் நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. "ரெட்டினாய்டு" களிம்பு என்று பெயர். "ஏ" வைட்டமின் குடும்பத்தைச் சேர்ந்தது. டிரெட்டினாயின், அடாபலின், டாசரோட்டின் என்பவை இதன் வகைகள். மெதுவாக வேலை செய்யும். ஆரம்பத்தில் கொஞ்சம் படுத்தும். ஆனால் பருவின் வேரிலே கை வைக்கும்.

இன்னொரு டியூப் இருக்கிறது. அதிலும் இதே டிரெட்டினாயின் கொஞ்சம் உண்டு. கூடவே நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும், வீக்கத்தை அமுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். மூன்றும் ஒரே டியூபில்! "ஒரே வாரத்துல பளிச்" என்று கைக்கு வருவது பெரும்பாலும் இந்த மூன்று கலவைதான். பெயரும் அட்டைப் பெட்டியும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வம்பே அங்கேதான்.

பரு எப்படி வருகிறது?

"உடம்புச் சூடு. எண்ணெய் தேய்ச்சுக் குளி, சரியாப் போயிடும்" என்று பாட்டி சொல்வார். பாட்டி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். தலையில் தளதளவென்று எண்ணெய் தேய்த்தால், அது நெற்றியில் வழிந்து அங்கேயே பரு கிளம்புவது உண்டு. நெற்றியிலும் காதோரத்திலும் மட்டும் பொடிப்பொடியாகப் பரு இருந்தால் முதலில் தலை எண்ணெயைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முகத்தில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வயசுக்கு வரும்போது உடம்பில் சுரக்கும் ஹார்மோன் இந்தச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகிறது. எண்ணெய் பெருகுகிறது. அதே சமயம் துவாரத்தின் உள்சுவரில் உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து புட்டிக்குத் தக்கை அடைத்த மாதிரி வாயை அடைத்துவிடுகின்றன.

அடைப்பு திறந்திருந்தால் கறுப்பு முளை. மூடியிருந்தால் வெள்ளை முளை. உள்ளே தோலில் எப்போதும் குடியிருக்கும் கிருமி, தேங்கிய எண்ணெயில் பெருகிச் சிவப்பும் வீக்கமும் உண்டாக்கினால் சீழ்ப் பரு!

கறுப்பு முளையின் கறுப்பு அழுக்கு அல்ல. ஆகவே ஒரு நாளைக்கு 6 தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேய்த்தால் தோல் புண்ணாகும், அவ்வளவுதான். இரண்டு வேளை கழுவினால் போதும்.

இன்று காலை கண்ணாடியில் தெரிந்த பரு நேற்று ராத்திரி முளைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பல வாரங்களுக்கு முன்பே உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் அடைப்பு விழுந்திருக்கும். "நேத்து வடை தின்னேன், இன்னிக்குப் பரு" என்று வடை மேல் பழி போடுவது நியாயம் இல்லை!

ரெட்டினாய்டு செய்வது என்னவென்றால், துவாரத்தின் உள்சுவர் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிரும்படி செய்கிறது. பழைய அடைப்பு தளர்ந்து வெளியே வருகிறது. புது அடைப்பு விழாமல் தடுக்கிறது. அடைப்பு இல்லை என்றால் பரு இல்லை. வந்த பருவை மட்டும் பார்த்துப் புள்ளி வைக்கிற மருந்து அல்ல இது. பரு இல்லாத இடத்திலும் சேர்த்து, பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். "பரு மேல மட்டும் வெச்சேன், ஒண்ணும் கேக்கலை" என்பவர்கள் தவறுவது இங்கேதான்.

சிறைக்குள் ஒரு டாக்டர்

இந்த மருந்தின் கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. அது அவ்வளவு அழகான கதை அல்ல.

பிலடெல்பியா நகரில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் டாக்டர் இருந்தார். அவரும் அவருடைய சகாக்களும் டிரெட்டினாயினைப் பருவுக்குப் பூசிப் பார்த்து 1969-ல் முடிவை வெளியிட்டார்கள். 1971-ல் "ரெட்டின்-ஏ" என்ற பெயரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. பரு சிகிச்சையையே மாற்றிய மருந்து என்று உலகம் பூராவும் பேர் வாங்கியது.

இதே டாக்டர் 1950-களில் ஆரம்பித்து 1974 வரை, பிலடெல்பியாவில் ஹோம்ஸ்பர்க் என்ற சிறையில் கைதிகளின் உடம்பில் மருந்துகளையும் ரசாயனங்களையும் சோதனை செய்தவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். சில டாலர் கூலிக்காக முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். என்ன பூசுகிறார்கள், அதனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. டயாக்சின் என்ற கொடிய நச்சையும் அங்கே பூசிப் பார்த்தார்கள். அந்தச் சிறைக்குள் முதன் முதலாக நுழைந்தபோது மனிதர்கள் தன் கண்ணில் படவில்லை, ஏக்கர் கணக்கில் தோல்தான் தெரிந்தது என்று அந்த டாக்டரே பிறகு பெருமையாகப் பத்திரிகையில் பேசினார்!

டாக்டர் 2010-ல் காலமானார். பல்கலைக்கழகம் 2021-லும், பிலடெல்பியா நகர நிர்வாகம் 2022-லும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. தழும்போடு வெளியே வந்த கைதிகளில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 1975-ல் இதே கிளிக்மனும் இன்னொரு டாக்டரும் சேர்ந்து தோலின் கறுப்பைக் குறைக்க மூன்று மருந்துகளைக் கலந்தார்கள். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு! இன்று நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கைமாறும் கலவைக்கு மூதாதை அதுதான். "மங்கு" என்று சொல்கிறோமே, கன்னத்தில் படர்கிற பழுப்புக் கறை, அதற்கு டாக்டர் மேற்பார்வையில் சில வாரம் பூசி நிறுத்துகிற மருந்து அது. சிவப்பழகு கிரீம் மாதிரி தினமும் வருஷக் கணக்கில் பூசுவதற்கு வந்ததல்ல.

பட்டாணி அளவு!

ரெட்டினாய்டு களிம்பை எப்படிப் பூசுவது? தோல் டாக்டர்கள் சொல்லும் முறை வருமாறு:-

ராத்திரி படுக்கப் போகும் முன்புதான் பூச வேண்டும். டிரெட்டினாயின் வெளிச்சத்தில் வீரியம் இழக்கும். முகத்தைச் சாதாரண சோப்பால் கழுவி, துடைத்து, 20 நிமிடமாவது காய விட வேண்டும். ஈரமுகத்தில் பூசினால் எரிச்சல் கூடும்.

முகம் முழுவதுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். ஒரே ஒரு பட்டாணி! நெற்றி, இரண்டு கன்னம், மோவாய் என்று பொட்டுப் பொட்டாக வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் ஆகிய இடங்களில் படக் கூடாது. அங்கே தோல் மெல்லியது. படுத்து எழுந்தால் வெந்து போயிருக்கும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசினால் போதும். அதுவும் தாங்காதவர்கள் 2 மணி நேரம் வைத்திருந்து கழுவிவிடலாம். மேலே வாசனை இல்லாத ஈரப்பசை கிரீம் ஒன்றைத் தடவிக்கொண்டால் எரிச்சல் குறையும். தோல் பழகப் பழகத் தினமும் பூசலாம்.

"ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கு சீக்கிரம் போகும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போகாது. தோல்தான் இரண்டு மடங்கு உரியும்.

டிரெட்டினாயின் 0.025 சதவீதம், 0.05 சதவீதம், 0.1 சதவீதம் என்று மூன்று பலத்தில் வருகிறது. குறைந்த பலத்தில்தான் ஆரம்பிப்பார்கள். அடாபலின் 0.1 சதவீதம் இதைவிடச் சாது. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2016-ல் அங்கே சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்று விட்டுவிட்டார்கள். நம் ஊரில் டாக்டரைப் பார்த்து வாங்குவதே நல்லது.

முதல் மாதம் சோதனை

பலர் களிம்பைத் தூக்கி எறிவது முதல் மாதத்தில்தான்.

பூச ஆரம்பித்த இரண்டாவது வாரம் முகம் வறளும். செதில் செதிலாக உரியும். உள்ளே பதுங்கியிருந்த அடைப்பெல்லாம் ஒன்றாக மேலே கிளம்புவதால் பரு கூடினாற் போலவும் தெரியும். "மருந்து ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இது பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்று மாதம் பொறுக்க முடியாதவர்களுக்கு இந்த மருந்து உதவாது!

ஆனால் தாங்க முடியாமல் எரிந்தாலோ, முகம் வீங்கினாலோ, நீர் கோர்த்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். மாநிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் இது முக்கியம். நம் தோல் புண்பட்டால் கறுக்கும். பருவின் கறுப்பைப் போக்கப் பூசிய மருந்தே எரித்துப் புதுக் கறுப்பை உண்டாக்கிவிடும்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் கடைசி மாதத்தில் போய் இதை ஆரம்பிக்கக் கூடாது. தாலி கட்டும் நேரத்தில் மூக்கு உரிந்துகொண்டிருக்கும். ஆறு மாதம் முன்பே ஆரம்பித்தால் நிம்மதி.

கறுப்பு ஏன் விழுகிறது?

பரு ஆறிய இடத்தில் தோல் தன் நிறப்பொருளை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. அதுதான் கரும்புள்ளி. அது தழும்பு அல்ல. பள்ளம் விழுந்தால்தான் தழும்பு. பள்ளத்துக்கு இந்தக் களிம்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. புள்ளிக்குச் செய்யும்.

தோலின் மேல் அடுக்கு சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. ரெட்டினாய்டு அந்த வேகத்தைக் கூட்டுகிறது. நிறப்பொருள் கலைந்து, பழைய தோலோடு சேர்ந்து வெளியே போகிறது. பருவைவிடப் புள்ளிக்கு அதிக நாள் பிடிக்கும். மாதக் கணக்கு ஆகும். கிள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடி முன் நின்று பருவைப் பிதுக்குகிறவர்களின் முகத்தில்தான் கறுப்பு அதிகம்.

வெயில் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ராத்திரி களிம்பு பூசிவிட்டுப் பகலில் சும்மா வெயிலில் அலைந்தால் மாதக் கணக்கில் போக்கிய கறுப்பு சில நாளில் திரும்பி வரும். சென்னை வெயிலுக்குக் கேட்க வேண்டுமா? காலையில் எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன் ஸ்கிரீன் தடவ வேண்டும். "நான் கறுப்புதானே, எனக்கு எதுக்கு?" என்று கேட்கக் கூடாது. புள்ளி அதிகம் விழுவதே கறுப்புத் தோலில்தான். ஸ்கூட்டரில் போகும் கல்லூரிப் பெண்கள் துப்பட்டாவை முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி சுற்றிக்கொண்டு போகிறார்களே, கேலி செய்ய வேண்டியதில்லை. நல்ல காரியம்தான்.

களிம்பு பூசும் நாட்களில் பியூட்டி பார்லரில் பிளீச்சிங், வாக்ஸிங், திரெடிங் செய்துகொண்டால் தோல் பிய்ந்துகொண்டு வரும். செய்துதான் ஆக வேண்டும் என்றால் பல நாள் முன்னதாகவே களிம்பை நிறுத்த வேண்டும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போவதும் ஆபத்து. பட்ட இடமெல்லாம் கருகும். பற்பசை தடவுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அது பல்லுக்கு!

வாலிபர்களும் உண்டு

பரு என்றால் பெண்கள் கவலை என்று நினைப்பது தப்பு. கடுமையான சீழ்ப் பருவும் கட்டியும் வாலிபர்களுக்கே அதிகம் வருகிறது. அவர்கள் டாக்டரிடம் போக வெட்கப்படுகிறார்கள். அக்காவின் டியூபைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பூசுகிறார்கள்.

கட்டி கட்டியாக வந்து பள்ளம் விழுகிற பருவுக்குக் களிம்பு போதாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை உண்டு. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப் பரிசோதனை செய்துதான் கொடுப்பார்கள். சொந்தமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

பெண்கள் இந்த மாத்திரையில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சாப்பிடும்போது கர்ப்பம் தரித்தால் குழந்தை மூளை, இருதயம், காது ஆகியவற்றில் கடுமையான ஊனத்தோடு பிறக்கலாம். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது.

களிம்பு அவ்வளவு ஆபத்து அல்ல. ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. ஆனாலும் கர்ப்பிணிகளும், குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களும் அதை நிறுத்திவிட வேண்டும் என்பதே டாக்டர்களின் கட்டளை. தெரியாமல் கொஞ்ச நாள் பூசிவிட்டால் பதற வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்துக்கு வேறு களிம்புகள் இருக்கின்றன. கல்யாணத்துக்காகப் பூச ஆரம்பித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகும் பழக்கத்தில் பூசிக்கொண்டே இருக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை!

பளிச்சென்று ஆனது எப்படி?

மறுபடியும் அந்த மூன்று கலவைக்கு வருவோம். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனதற்குக் காரணம் முக்கியமாக ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் உடனே அமுக்கிவிடும். ஹைட்ரோகுவினோன் வெளுக்க வைக்கும். பூசுகிறவருக்கு ஆனந்தம்!

உள்ளே நடப்பது வேறு. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கிறது. வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடும். அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சிவப்புச் சிவப்பாக வெளியே தெரியும். முகத்தில் முடி வளரும். புதுவகைப் பரு கிளம்பும். வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். "சரி, நிறுத்திடலாம்" என்று நிறுத்தினால் மூன்றே நாளில் முகம் வீங்கிச் சிவந்து பயமுறுத்தும். பயந்துபோய் மறுபடி பூசுவார். அடங்கும். இப்படியே டியூபுக்கு அடிமை!

இந்தியா பூராவும் இந்த விபரீதம் பரவியதால் தோல் டாக்டர்கள் சங்கம் பல ஆண்டுகள் போராடியது. "ஸ்டீராய்டு கெடுத்த முகம்" என்று இந்த நோய்க்குத் தனிப் பெயரே வைக்க வேண்டியதாயிற்று. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது. தெருமுனையில் டியூபும் கிடைக்கிறது.

டியூபைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் மருந்துகளின் பெயர் இருக்கும். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், புளுட்டிகசோன், குளோபெட்டசால், புளுவோசினலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவுக்கு அது மருந்து அல்ல. இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.

ஏற்கனவே மாதக் கணக்கில் பூசிவிட்டவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்தி அவதிப்பட வேண்டாம். தோல் டாக்டர் படிப்படியாக விடுவிப்பார். பல மாதம் ஆகலாம், ஆனாலும் பெரும்பாலோருக்கு முகம் தேறிவிடும். தனி டாக்டருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அரசு பெரிய ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே பார்க்கக் காசு வாங்குவது இல்லை. காலையிலேயே போய் சீட்டுப் போட வேண்டும்.

போகும்போது பூசிய டியூபைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். காலியான டியூபாக இருந்தாலும் பரவாயில்லை. "ஏதோ வெள்ளை கிரீம், டாக்டர்" என்றால் அவருக்கு எப்படித் தெரியும்?